சம்பூரில் மின்சாரம் விளையும். மின்பொறியியலாளர் எங்கே விளைவார்?

2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் ஒரு விழா நடந்தது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் ஒரே மேடையில் நின்று, சம்பூரில் அமையவிருக்கும் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் கட்டுமானப் பணியைக் காணொளி வழியாகத் தொடக்கிவைத்தார்கள். அதே நாளில் இரு நாடுகளின் மின்வலையமைப்புகளை இணைப்பதற்கும், ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலையை ஒரு சக்தி மையமாக்குவதற்கும் புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. மறுநாட் பத்திரிகைகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, பழைய ஆசிரியபீடப் பழக்கத்தில் சிவப்புப் பேனாவுடன் வாசித்தேன். எத்தனை மெகாவாட், அலகுக்கு என்ன விலை, இதனால் சீனாவுக்குச் சொல்லப்பட்ட செய்தி என்ன என்பதெல்லாம் விரிவாக இருந்தன. இந்த மின்நிலையத்தை இனி வரும் இருபது இருபத்தைந்து ஆண்டுகள் இயக்கப்போகிறவர், அதன் பழுதை ஆராயப்போகிறவர், அதைவிடச் சிறந்த ஒன்றை வடிவமைக்கப்போகிறவர் எங்கே படிக்கப்போகிறார் என்ற கேள்வி மட்டும் என் கண்ணில் படவில்லை. நானும் அன்று அதைக் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

கேட்டவர் என் பழைய நண்பர். திருகோணமலையிற் பிறந்து, பேராதனையிற் படித்து, எண்பதுகளிற் கடல் கடந்து, ரொறன்ரோவில் மின்பொறியியலாளராக உழைத்து ஓய்வுபெற்றவர். தொலைபேசியில் அரசியல் எதுவும் பேசவில்லை. ஊரிலே இவ்வளவு பெரிய வேலை நடக்கிறதே, எங்கள் வளாகத்துக்கு அதில் என்ன பங்கு என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடியதும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலிற் சம்பூரின் கணக்கைப் பார்ப்போம். மின்சாரத்துக்காக அந்த மண் கொடுத்த விலையைச் சொல்லாமல் மற்றவற்றைப் பேசுவது நேர்மையாகாது. 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கின்மீது குண்டுகள் விழுந்தபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த துணியுடன் ஓடினார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. டிசெம்பரில், ஊர்ச்சனங்கள் இன்னும் அகதிகளாக அலைந்துகொண்டிருந்த வேளையில், அதே நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கை அரசும் மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் உடன்பாடு செய்துகொண்டன. 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. உரியவர்கள் கிளிவெட்டி முகாமிலும் பிற இடங்களிலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2015இலும் 2016இலும் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2016 செப்டெம்பரில், நிலக்கரித் திட்டம் கைவிடப்படுகிறது என்று அரசு உச்ச நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பத்து ஆண்டுகள் ஒரு சமூகத்தைத் துரத்திய திட்டம், ஒரு மெகாவாட்டையும் தராமலே செத்துப்போயிற்று. பின்னர் 2022 மார்ச்சில் அதே இரு நிறுவனங்களும் சூரிய மின்சாரத்துக்கு உடன்பட்டன.

நிலக்கரிப் புகைக்குப் பதிலாகச் சூரிய ஒளி வந்ததை வரவேற்கிறேன். கொட்டியாரக் குடாவின் மீன்வளமும் மூதூரின் வயலும் தப்பின. ஆயினும், நிலக்கரிக் காலத்தில் ஊராருக்கு இருந்த இடம் என்னவோ அதே இடம்தான் சூரியக் காலத்திலும் வாய்க்கும் போலிருக்கிறது: வேலியோரக் காவல், புல் வெட்டுதல், கண்ணாடித் தகடு கழுவுதல். எந்தத் தொழிலும் இழிந்ததன்று. ஆனால் காணியைக் கொடுத்தவனின் பேரப்பிள்ளைக்கு அந்த வேலிக்குள்ளே வாளி தூக்கும் வேலை மட்டுமே உண்டென்றால், அதற்கு அபிவிருத்தி என்று பெயர் வைக்க என் பேனா மறுக்கிறது.

இனி மின்சாரத்தின் பக்கம் வருவோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் இருண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கே காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகம் சிரித்தது. குரங்கு பாவம், அது ஒரு பொறியைத்தான் தட்டிவிட்டது. ஒரு மூலையில் நேர்ந்த பிழை தீவு முழுவதையும் வீழ்த்தியதற்கு வேறு காரணம் உண்டு.

அதைச் சற்று விளக்கவேண்டும். நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் பல தொன் எடையுள்ள உருளைகள் சுழல்கின்றன. வலையமைப்பில் எங்கேனும் ஒரு தட்டுத்தடங்கல் வந்தால், ஓடும் மாட்டுவண்டி உடனே நிற்காததுபோல, அந்த உருளைகளின் சடத்துவம் சில விநாடிகள் தாக்குப்பிடிக்கும். மின்னோட்டத்தின் மீடிறன் 50 ஹேட்ஸில் இருந்து சட்டெனச் சரியாமல் அது தாங்கிக்கொள்ளும். அந்தச் சில விநாடிகளுக்குள் காப்புப் பொறிகள் வேலை செய்துவிடும். சூரியத் தகட்டில் எதுவும் சுழல்வதில்லை. அது இன்வேட்டர் என்ற மின்னணுக் கருவி வழியாக வலையமைப்புடன் இணைகிறது. சாதாரண இன்வேட்டருக்குச் சடத்துவம் இல்லை. அன்று விடுமுறை நாள், மின்தேவை குறைவு, வெயில் நல்ல வெயில், சூரிய மின்சாரம் உற்பத்தியிற் பெரும் பங்கை வகித்த நேரம். சுழலும் இயந்திரங்கள் சிலவே ஓடின. பிழை நேர்ந்தவுடன் மீடிறன் சரிந்தது, எல்லாம் விழுந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு. இரு மாதங்கள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைமேற் சூரியத் தகடு வைத்திருந்தவர்களைப் பகலில் அதை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. வெயில் எரிக்கும் நாட்டில் வெயிலை அணைத்து வைக்கும்படி வேண்டவேண்டிய நிலை!

2016 மார்ச்சிலும், 2020 ஓகஸ்டிலும், 2021 டிசெம்பரிலும், 2023 டிசெம்பரிலும் நாடளாவிய இருட்டை அனுபவித்த தேசம் இது. ஒவ்வொரு முறையும் விசாரணைக் குழு, அறிக்கை, பரிந்துரை. இப்போது 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது இலக்கு என்கிறோம். அந்த இலக்கை அடையத் தகடுகளை வாங்கலாம், மின்கல அடுக்குகளை வாங்கலாம், இன்வேட்டர்களை வாங்கலாம். இவையனைத்தும் இந்தத் தீவின் வலையமைப்பில் எப்படி ஒத்துப்போகும் என்ற அறிவைக் கப்பலில் இறக்க முடியாது. பெரிய கண்டத்து வலையமைப்புக்கு எழுதிய விதி சிறு தீவுக்குப் பொருந்தாது. அதை இங்கேயே இருந்து ஆராய்பவர்கள் வேண்டும். சம்பூர் மின்நிலையமே இந்தச் சிக்கலின் நடுவில்தான் வந்து நிற்கப்போகிறது.

இதை நம் முன்னோர் அறியாதவர்களல்லர். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இந்நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று ஆய்வுரை எழுதினார். அவருடைய இலக்சபானை 1950இல் ஒளிதந்தது. அதே 1950ஆம் ஆண்டில்தான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் கொழும்பிலே தொடங்கியது. பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்தது. மின்சாரமும் அதைப் படிக்கும் இடமும் ஒரே ஆண்டிற் பிறந்தன. கிழக்கிலும் ஓர் உதாரணம் உண்டு. கல்லோயாத் திட்டம் நடந்த காலத்தில், 1956இல், அம்பாறையில் ஹாடி தொழில்நுட்ப நிறுவகம் எழுந்தது. கல்லோயா என்றதும் தமிழ் வாசகருக்கு வேறு நினைவுகள் வரும். குடியேற்றமும் 1956இன் இரத்தமும் வரும். அந்த நினைவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அணைக்கட்டுக்கு அருகிலேயே தொழில்நுட்பப் பள்ளியும் வேண்டும் என்று அன்றைய திட்டகாரருக்குத் தோன்றிய ஒன்று, இன்றைய திட்டகாரருக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பால் நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரியும் மின்நிலையமும் இருக்கும் அந்த ஊரிலேயே தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. சம்பூரில் நிலத்தைப் பெற்ற கூட்டாளிக்குச் சொந்த நாட்டில் இது பழகிய வழிதான்.

இனித் திருகோணமலையில் என்ன இருக்கிறது என்று எண்ணுவோம். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இருக்கிறது. சீனக்குடாவிற் பிறிமா மாவாலை இருக்கிறது. கொட்பேயில் ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும், சீமைக்கிளுவை விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் அதன் 10 மெகாவாட் நிலையமும் இருக்கின்றன. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன; 99 தாங்கிகள் என்ற அந்தக் கணக்கை வைத்தே எத்தனை அரசாங்கங்கள் பேரம் பேசின! ஐ.ஓ.சி. நிறுவனம் இருக்கிறது. கடற்படைத் தளமும் அதன் பயிற்சிக் கல்விக்கூடமும் இருக்கின்றன. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே வணிகமும் தொடர்பாடலும் உண்டு, சித்த மருத்துவம் உண்டு, பிரயோக விஞ்ஞான பீடத்திற் பௌதிகமும் கணினியும் உண்டு. பொறியியல் இல்லை. மின்பொறியியல் படிக்கவேண்டுமென்றால் ஒலுவிலுக்கோ, கிளிநொச்சி அறிவியல் நகருக்கோ, பேராதனைக்கோ, மொறட்டுவைக்கோ போகவேண்டும். பல்கலைக்கழக அனுமதியிலே கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிற் திருகோணமலையும் ஒன்று. சக்தி மையம் என்று மூன்று நாடுகள் கையொப்பமிடும் ஓரிடம், தன் பிள்ளைகளின் கல்விக்குப் பின்தங்கிய பட்டியலில் நிற்பதை வாசகர்களே தராசில் வைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார்: நிறுவனங்கள் சமூகப் பணி செய்கின்றனவே, புத்தகப்பை கொடுக்கின்றன, நூலகத்துக்கு அலுமாரி கொடுக்கின்றன, புலமைப்பரிசில் விழா நடத்துகின்றன என்று. செய்யட்டும். அந்த ஏப்ரல் விழாவிலேயே 5,000 மத வழிபாட்டிடங்களின் கூரைகளுக்குச் சூரியத் தகடு வழங்கும் திட்டமும் தொடங்கியது. ஆண்டுதோறும் 700 இலங்கையருக்குப் பயிற்சி அளிப்பதாக இந்தியா அறிவித்தது. இவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கோயிற் கூரையில் தகடு ஏறினால் கோயிலின் மின்கட்டணம் குறையும், அறிவு வளராது. பல துறைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் குறுகிய காலப் பயிற்சி சான்றிதழைத் தரும். திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தைத் தராது. வரிசையில் நிறுத்திப் பை கொடுப்பவனும் வாங்குபவனும் பங்காளிகள் ஆகமாட்டார்கள்.

பல்கலைக்கழகமும் தொழில்துறையும் பங்காளிகளாவது எப்படி என்பதற்கு உலகிலே முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் 1996இல் மின்தொகுதிப் பொறியியல் ஆய்வு மையம் என்ற கூட்டமைப்பு, தேசிய விஞ்ஞான நிறுவகத்தின் ஊக்கத்துடன் தோன்றியது. பல பல்கலைக்கழகங்கள் ஒன்றாயின. மின்னுற்பத்தி நிறுவனங்களும், மின்கடத்தல் நிறுவனங்களும், கருவி செய்வோரும் ஆண்டுக்கு ஒரு கட்டணம் செலுத்தி உறுப்பினராயினர். எதை ஆராய்வது என்பதை இரு தரப்பும் கூடிப் பேசின. முடிவுகள் எல்லா உறுப்பினருக்கும் பொதுவாயின. ஆய்வு செய்த மாணவர்கள் அந்தத் துறையின் அடுத்த தலைமுறைப் பொறியியலாளர்களாயினர். ஐக்கிய இராச்சியத்தில், மின்பொறியியல் படிக்க மாணவர் வருவதில்லை என்று கவலைப்பட்ட நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் 2004இல் ‘பவர் அக்கடமி’ என்ற திட்டத்தைத் தொடங்கின. மாணவருக்கு உதவிப்பணம், கோடை விடுமுறையில் வேலைப் பயிற்சி, வழிகாட்ட ஒரு பொறியியலாளர் என்பவை அதன் உறுப்புகள்.

இலங்கையிலும் இது அறியாத விடயமன்று. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் டயலொக் நிறுவனத்தின் துணையுடன் கைப்பேசித் தொடர்பாடல் ஆய்வுகூடம் அமைந்தது. அதே பல்கலைக்கழக வளாகத்தில் லெக்கோ எனப்படும் இலங்கைத் தனியார் மின்சாரக் கம்பனி, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சிறு மின்வலையமைப்பு ஒன்றை முன்னோடியாக நிறுவியது. ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மேல் மாகாணத்துக்கு முடிந்தது கிழக்குக்கு ஏன் முடியாது என்பதே கேள்வி.

எதிர்வாதங்களில் மிகக் கனமான ஒன்றை இப்போது எடுத்துக்கொள்கிறேன். காசு கொடுப்பவன் வாயைக் கட்டுவான். கம்பனியின் காசிலே வாழும் பேராசிரியர் கம்பனிக்கு எதிராகப் பேசுவாரா என்று கேட்பவர்கள் உண்டு. இது வீணான அச்சமன்று. 1920களில் அமெரிக்க மின்சாரக் கம்பனிகளின் சங்கம் பேராசிரியர்களுக்குப் பணம் கொடுத்ததும், பாடப்புத்தகங்களைத் தமக்குச் சாதகமாகத் திருத்த முயன்றதும் 1928இல் தொடங்கிய மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் விசாரணையில் வெளிப்பட்டன. நாறிப்போன அந்தச் சங்கம் 1933இற் கலைந்தது. எமது சூழலில் ஆபத்து இன்னும் அதிகம். நாளைக்குச் சம்பூர்த் தகடுகளால் அயல் வயலுக்கு வெள்ளம் வழிகிறது என்று ஒரு விரிவுரையாளர் எழுதினால், அவருடைய ஆய்வுகூடத்தின் வாசல் மூடப்படுமா? இந்தக் கேள்விக்கு முதலிலேயே விடை எழுதி வைக்காத பங்காளித்துவம் எனக்கு வேண்டாம்.

ஆகவே நிபந்தனைகளைச் சொல்கிறேன். முதலாவது, பணம் நிறுவனத்தின் கையிலிருந்து பேராசிரியரின் கைக்கு நேரே போகக்கூடாது. அது பல்கலைக்கழகத்தின் பெயரில் தனி நிதியமாக, பகிரங்கக் கணக்காய்வுக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். இரண்டாவது, ஆய்வு முடிவை வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்துடையது. கம்பனி கருத்துச் சொல்லலாம், தடுக்கக்கூடாது. மூன்றாவது, சம்பூர் மின்நிலையத்தின் உற்பத்தித் தரவுகள், வெயில் அளவு, வோல்ற்றளவு, மீடிறன் என்பவை ஆய்வாளருக்கும் மாணவருக்கும் தொடர்ந்து கிடைக்கவேண்டும். இது பணத்தைவிடப் பெரிய கொடை. கம்பனிக்கு இதனால் ஒரு சதமும் செலவில்லை. நான்காவது, ஆய்வுப் பொருளைத் தீர்மானிக்கும் சபையில் மூதூர்ப் பிரதேச மக்களுக்கும் ஆசனம் வேண்டும். ஐந்தாவது, வேலைப் பயிற்சி இடங்களில் ஒரு பங்கு, காணி இழந்த ஊர்களின் மாணவருக்கும், திருகோணமலைத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவருக்கும் ஒதுக்கப்படவேண்டும். பட்டதாரி மட்டும் மின்நிலையத்தை ஓட்டுவதில்லை; கையிற் கருவி பிடிப்பவரும் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். கணக்குப் போடுவோம். முதற்கட்டம் 50 மெகாவாட், இரண்டாங்கட்டம் 70 மெகாவாட். இப்பிரதேசத்துச் சூரிய மின்நிலையம் தன் முழுக்கொள்ளளவில் ஏறத்தாழ 18 சதவீதத்தை ஆண்டுச் சராசரியாகத் தரும் என்று வைத்துக்கொண்டால், முதற்கட்டம் ஆண்டுக்கு 8 கோடி அலகுக்குச் சற்றுக் குறைவாகவும், முழுத்திட்டம் 19 கோடி அலகளவிலும் உற்பத்தி செய்யும். முதற்கட்ட மின்சாரத்துக்குச் செய்திகளில் வெளியான விலை அலகுக்கு 5.97 அமெரிக்கச் சதம். டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 18 ரூபாய். அதில் 25 சதத்தை, ஒரு ரூபாயையன்று, கால் ரூபாயை மட்டும் கல்வி நிதியத்துக்கு ஒதுக்கினால், முதற்கட்டத்திலேயே ஆண்டுக்கு இரண்டு கோடி ரூபாயளவு சேரும். முழுத்திட்டத்தில் நாலே முக்காற் கோடி. விலையில் ஒன்றரை வீதமும் ஆகாது. இரண்டு விரிவுரையாளர் பதவிகளும், ஒரு மின்தொகுதி ஆய்வுகூடமும், பத்துப்பன்னிரண்டு ஆய்வு மாணவருக்கான உதவிப்பணமும் படிப்படியாக இதிற் கைகூடும். உற்பத்தி செய்வோரும் வாங்குவோரும் இதை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளட்டும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆலைகளும் உறுப்பினர் கட்டணம் செலுத்திச் சேரட்டும். பிரமாண்டமான பொறியியற் பீடம் ஒன்றை நாளைக்கே கேட்கவில்லை. கோணேசபுரியில் இருக்கும் பிரயோக விஞ்ஞான பீடத்துடன் ஒலுவில், கிளிநொச்சி மின்பொறியியற் துறைகளை இணைத்து ஒரு மின்சக்தி ஆய்வு மையத்தைத் தொடங்கலாம். பீடம் அதிலிருந்து வளரட்டும்.

அந்த மையம் எதை ஆராயும்? தலைப்புக்குப் பஞ்சமில்லை. வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்று கொண்டுவரும் புழுதியும், குடாக்கடலின் உப்புக்காற்றும் தகடுகளின்மீது படிந்து உற்பத்தியை எவ்வளவு குறைக்கும்? அவற்றைக் கழுவ நீர் எவ்வளவு, அந்த நீர் யாருடைய கிணற்றிலிருந்து? மாரி மேகம் குடாவைக் கடந்து வரும்போது உற்பத்தி எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சரியும், அந்தச் சரிவை எப்படி முன்கூட்டி அறிவது? சடத்துவம் இல்லாத இன்வேட்டரைச் சடத்துவம் உள்ளதுபோல நடக்கச் செய்யும் புதிய கட்டுப்பாட்டு முறைகள் இலங்கை வலையமைப்பில் எந்தளவுக்குச் செல்லும்? மாவாலையினதும் சீமெந்து ஆலையினதும் பெரிய மோட்டர்களைப் பகல் வெயிலுக்கு ஏற்ப ஓட்டினால் நாட்டுக்கு என்ன இலாபம்? கரையில் நிற்கும் கப்பலுக்குத் தரையிலிருந்து மின்சாரம் கொடுக்க முடியுமா? மூதூர், கிண்ணியா மீனவர்களின் பனிக்கட்டியைப் பகலிலேயே செய்து வைத்தால் என்ன? இவற்றிற் பலவற்றுக்குப் பேராதனையிலோ டெல்லியிலோ இருந்து விடை சொல்ல முடியாது. குடாக்கரையில் நின்று அளந்துதான் சொல்லவேண்டும்.

இன்னொரு குரலும் கேட்கிறது. படித்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்குத்தானே ஓடுகிறார்கள், அவர்களுக்கு ஏன் செலவழிப்பது என்று. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் பொறியியலாளர் பலர் வெளியேறியது உண்மை. ஆனால் அவர்கள் போனது சம்பளத்துக்காக மட்டுமன்று; இங்கே மூளைக்கு வேலையில்லை என்ற சலிப்பும் சேர்ந்துதான் அனுப்பியது. அப்படியே சிலர் போனாலும் போகட்டும். அறிவைக் கொண்டுபோனவர் திரும்பி உதவக்கூடும் என்பதற்கு ஈழத்தவர் நடுவிலேயே சாட்சி உண்டு. நோர்வேயின் மேற்கு நோர்வேப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் சூரிய மின்கல ஆய்விற் பல ஆண்டுகளாக இணைந்து செயற்படுகின்றன. நோர்வே அரசின் உதவி கிடைத்தது. அங்கே பணியாற்றும் நம்மவரின் முயற்சி அதை இழுத்து வந்தது. பெரிய மேடையோ பொன்னாடையோ இல்லாமல் நடந்த காரியம்.

இவ்விடத்தில் எம்மவரிடமும் ஒரு வார்த்தை. கோபுரத்துக்கு வர்ணம் பூசவும், திருவிழாவுக்கு மின்விளக்கு அலங்காரம் செய்யவும், பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பணம் சேர்கிறது. வேண்டாமென்று சொல்லமாட்டேன். அந்த அலங்கார விளக்குக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றிப் படிக்க ஓர் ஆய்வுகூடம் கேட்டால் மட்டும், அது அரசாங்கத்தின் வேலை என்று கைகழுவுகிறோம். ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர் எத்தனையோ பேர் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆறு வாரம் வந்து ஒரு பாடம் நடத்த, இணையவழியாக ஓர் ஆய்வு மாணவருக்கு வழிகாட்ட, தாம் வேலை செய்த நிறுவனத்தின் பழைய அளவீட்டுக் கருவியைக் கேட்டு வாங்கி அனுப்ப அவர்களால் முடியும். நிறுவனங்களிடம் பங்கு கேட்கும் நாம், எமது பங்கை முதலில் மேசையில் வைத்தால் எமது குரலுக்குப் பலம் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இது தமிழருக்கு மட்டுமான கோரிக்கையன்று. திருகோணமலை மூவின மக்களின் மாவட்டம். காணி இழந்தவர் சம்பூர்த் தமிழர். மின்கட்டணம் கட்டுபவர் கிண்ணியா முஸ்லிமும் கந்தளாய்ச் சிங்களவரும்கூட. மூன்று பிள்ளைகளும் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே கருவியைச் சுற்றி நிற்கும் நாள் வந்தால், பல மேடைகள் செய்யாததை அந்தக் கருவி செய்யும்.

மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கான சட்டம் 2024இல் வந்தது, 2025இல் திருத்தப்பட்டது. பழைய சபைக்கு நாடு தழுவிய பொறுப்பு என்ற ஒரு கூச்சமாவது இருந்தது. தனித்தனி நிறுவனங்கள் ஆனபின் ஒவ்வொன்றும் தன் இலாப நட்டத்தைப் பார்க்கும். கல்வி என்ற செலவு எவருடைய ஏட்டிலும் ஏறாமற் போகலாம். ஆகவே இப்போதே எழுதவேண்டும். அனுமதிப்பத்திர நிபந்தனையில் எழுதலாம், இரண்டாங்கட்ட 70 மெகாவாட்டின் உடன்படிக்கையில் எழுதலாம், சக்தி மையத்தின் விரிவான ஒப்பந்தத்தில் எழுதலாம். மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எக்கட்சியினராயினும் இதைக் கேட்கவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பேரவை, எவரேனும் வந்து தருவார் என்று காத்திராமல், தானே ஒரு திட்டவரைபை எழுதி மேசைக்குக் கொண்டுபோகவேண்டும். கேளாதவனுக்குப் பையும் அலுமாரியும்தான் கிடைக்கும்.

ரொறன்ரோ நண்பருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வளாகத்துக்கு இதில் என்ன பங்கு என்று அவர் கேட்டார். இன்றைய விடை: எதையும் நான் காணவில்லை. அலகுக்குக் கால் ரூபாய், ஒரு தரவு இணைப்பு, எழுத்தில் ஐந்து நிபந்தனை. சம்பூரின் பத்து அகதி ஆண்டுகளுக்கு முன்னால் இது ஒரு விலையே அன்று. இதைக்கூடக் கேட்டு வாங்க முடியாதவர்களாக நாம் இருந்தால், இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்தத் தகடுகள் பழசாகிக் கழற்றப்படும் நாளில், அவற்றைக் கழற்றத் தெரிந்த பொறியியலாளரும் கப்பலில்தான் வந்திறங்குவார். எங்கள் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.